கியூம்ரி, ஆர்மீனியா: கேமராவோடு போனால் ஊரே பேச வரும்

வெளிச்சக்காரன்:

ஷார்ஜா, துபாய் பக்கம் இருக்கிற நம்ம ஆட்கள் பெருநாள் விடுமுறை விட்டாலே ஆர்மீனியாவுக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். திரும்பி வந்து போடுகிற படங்களைப் பார்த்தால் செவான் ஏரி, கார்னி கோயில், தலைநகர் எரெவான் நடுவில் இருக்கும் பெரிய படிக்கட்டு, அவ்வளவுதான் மொத்த நாடே என்று தோன்றும். கியூம்ரி பற்றி இங்கே யாரும் எழுதிப் பார்த்ததில்லை. இரண்டாவது பெரிய ஊர், எரெவானிலிருந்து 120 கி.மீ. வடமேற்கே, துருக்கி எல்லையை ஒட்டி, கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. படம் எடுக்கிறவர்கள் ஆர்மீனியாவில் ஒரே ஒரு ஊருக்குத்தான் போக முடியும் என்றால் இங்கே போங்கள் என்பேன், எரெவானைக்கூட விட்டுவிடலாம்.

முதலில் கல். அங்கே வீடுகள் எல்லாம் டஃப் என்கிற எரிமலைக் கல்லில் கட்டியவை. எரெவானில் அது இளஞ்சிவப்பு, கியூம்ரியில் கறுப்பு. அந்தக் கறுப்புக்கு நடுவே ஆரஞ்சும் சிவப்புமாக வரிசைகள் ஓடும். ஜன்னலைச் சுற்றி, வாசல் வளைவில், மூலைகளில் மட்டும் நிறம் மாற்றியிருப்பார்கள். குமாய்ரி பகுதி என்று சொல்லப்படும் பழைய ஊரில் 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. தெருக்கள் நேர்க்கோட்டில் வெட்டப்பட்டவை, ரஷ்யப் பேரரசின் கோட்டை நகரமாக இருந்த காலத்துத் திட்டம். 1837-ல் ஜார் முதலாம் நிக்கோலஸ் தன் மனைவி பெயரால் அலெக்சாண்ட்ரபோல் என்று பெயர் வைத்தார், 1924-ல் லெனினகான் ஆனது, சோவியத் போனபிறகு மறுபடி கியூம்ரி. வயதானவர்கள் பேச்சில் லெனினகான் இன்னும் வருகிறது.

அடுத்தது மனிதர்கள். எனக்கு ஆர்மீனிய மொழி வராது, ரஷ்யனில் பத்து வார்த்தை தேறும். ஆனால் கேமராவைத் தூக்கிக்கொண்டு அபோவியான் தெருவில் நடந்தால் யாராவது கூப்பிடாமல் இருக்க மாட்டார்கள். பெரும்பாலான ஊர்களில் நாம்தான் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்போம், இங்கே அவர்களே நிறுத்தி எங்கிருந்து வருகிறாய் என்கிறார்கள். இந்தியா என்றதும் அறுபது தாண்டியவர்கள் முகத்தில் ஒரு மலர்ச்சி, உடனே ராஜ் கபூர் பாட்டு ஒரு வரி. இது சோவியத் நாடுகள் எல்லாவற்றிலும் நடப்பதுதான். கியூம்ரியில் பாட்டோடு நிற்பதில்லை, உள்ளே வா என்பதும் சேர்ந்து வரும்.

முடிதிருத்தகம் ஒன்றைச் சொல்கிறேன். பழைய ஊரில் ஒரு பக்கத் தெரு, கதவு திறந்திருந்தது, உள்ளே ஒற்றை நாற்காலி. கண்ணாடி ஓரமெல்லாம் ரசம் போய்ப் புள்ளி விழுந்திருந்தது, அதன் சட்டத்தில் பழைய கால்பந்து அணிப் படங்கள் செருகியிருந்தன. ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் நாற்காலியில் இருந்தவரின் சோப்பு நுரை மேல் விழுந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று கேமராவைக் காட்டி சைகையில் கேட்டேன். முடிதிருத்துகிறவர் கத்தியை நீட்டி, இப்போது முடியாது என்று காட்டினார். சரி என்று நகரப் போனால் பெஞ்சில் உட்காரச் சொன்னார். அந்தச் சவரம் முடிந்ததும் என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். என் கேமரா சவரம் முடிந்த ஆளின் கைக்குப் போயிற்று. அவர் முக்கால்வாசி ஃபோகஸ் இல்லாமல் என்னை எடுத்துத் தள்ளினார், கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் கத்தியைத் தூக்கிப் பிடித்து என் கழுத்தை வெட்டப் போவதுபோல் போஸ் கொடுத்தார், தெருவில் போன இரண்டு பேர் வாசலில் நின்று யோசனை சொன்னார்கள். காசு வாங்க மறுத்தார். கடைசியில்தான், இப்போது உன் முறை என்று கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். அதன்பிறகு நான் எடுத்த படத்தில் அவர் கேமராவுக்காக எதுவும் செய்யவில்லை, சும்மா துண்டை உதறிக்கொண்டிருக்கிறார். இந்தப் பயணத்தில் நான் எடுத்ததில் எனக்குப் பிடித்தது அதுதான்.

ஆர்மீனியா முழுக்க நகைச்சுவைக்குப் பேர்போன ஊர் இது. பொலோஸ் முகுச் என்ற பழைய காலத்துக் கிண்டல்காரர் ஒருவர், நம் தெனாலிராமன் மாதிரி, அவர் பெயரில் கதைகள் ஏராளம், ஊரில் சிலையும் உண்டு. நடிகர் ஃப்ருன்ஸிக் ம்கர்த்சியான் பிறந்ததும் இங்கேதான், 1930-ல். தர்மேந்திரா நடித்த இந்திய-சோவியத் கூட்டுத் தயாரிப்பு அலிபாபா படத்தில் பெரிய மூக்கோடு ஒருவர் வருவாரே, அவர்தான்.

படங்களை அடுத்தடுத்துப் போடுகிறேன். கேள்வி இருந்தால் கேளுங்கள்.

கோட்டைமேடு_லென்ஸ்:

அருமை அண்ணா. ஒரு சந்தேகம், கறுப்புக் கல் கட்டடம் என்றால் எக்ஸ்போஷர் எப்படி சமாளித்தீர்கள்? நான் ஒரு தடவை கறுப்புப் பாறைக் கடற்கரையில் எடுத்தபோது எல்லாம் சாம்பல் கலரில் வெளிறிப் போயிற்று. அப்புறம் எந்த லென்ஸ்?

வெளிச்சக்காரன்:

தம்பி, அதேதான் இங்கேயும் நடக்கும். ஃபிரேம் முழுக்கக் கறுப்புக் கல் நிறைந்தால் கேமரா மீட்டர் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கல் வெளிறும், வானம் எரிந்துவிடும். நான் பெரும்பாலும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அதோடு 1,500 மீட்டர் உயரத்தில் காற்று சுத்தம், நடுப்பகல் வெயில் கத்திமாதிரி விழும், நிழலில் ஒன்றும் தெரியாது. பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை தெருவை விட்டுவிட்டு உள்முற்றங்களுக்குள்ளும் மியூசியங்களுக்குள்ளும் போய்விடுங்கள். மழை பெய்து விட்ட நேரம் கிடைத்தால் விடாதீர்கள், நனைந்த டஃப்பில் அந்தச் சிவப்பு வரிசை அப்படியே எழுந்து வரும், காய்ந்த கல்லில் பாதிகூடத் தெரியாது.

லென்ஸ் 35 மி.மீ. போதும். தெருக்கள் குறுகலில்லை, வீடுகள் ஒன்று இரண்டு மாடிதான், பின்னால் நகர இடம் கிடைக்கும்.

நடு சதுக்கம் வர்தானாந்த்ஸ். 451-ல் பாரசீகர்களோடு நடந்த அவராயிர் போரில் இறந்த வர்தான் மாமிகோனியானின் குதிரைச் சிலை அங்கே நிற்கிறது. சதுக்கத்தின் வடக்கே யோத் வெர்க் தேவாலயம், தெற்கே அமெனாப்ர்கிச். ஆர்மீனிய தேவாலயங்களில் பீடம் கிழக்கே இருக்கும், வாசல் மேற்கே, அதனால் முகப்பில் வெயில் விழ வேண்டுமென்றால் பிற்பகல்தான் போக வேண்டும். இதைத் தெரிந்துகொண்டால் நாடு முழுக்க உதவும்.

சாயங்காலம் ஊரின் மேற்கே மேட்டில் இருக்கிற கறுப்புக் கோட்டைக்கு ஏறிவிடுங்கள். செவ் பெர்ட் என்பார்கள், ரஷ்யர்கள் 1830-களில் துருக்கிக்கு எதிராகக் கட்டத் தொடங்கியது, வட்டமாக, ஜன்னல் குறைவாக, தரையிலேயே அமுங்கி உட்கார்ந்திருக்கும். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், முன்னால் முழு ஊரும், தென்கிழக்கே அரகாட்ஸ் மலையும் வெயிலில். 4,090 மீட்டர் மலை அது. பக்கத்திலேயே ஆர்மீனியத் தாய் சிலை இருக்கிறது, சோவியத் காலத்துப் பிரம்மாண்டம், எனக்கு அதில் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

பழையஃபிலிம்:

எல்லாம் சரி, ஆனால் ஒரு மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். நானும் போயிருக்கிறேன். கியூம்ரி என்றால் 1988 நிலநடுக்கம். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் முடிதிருத்தகம், பாட்டு, கிண்டல் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊரில் நான் பார்த்தது பாதி இடிந்த கட்டடங்கள், கூரையில்லாத சுவர்கள், துருப்பிடித்த கன்டெய்னர் வீடுகள். பாலிடெக்னிக் பக்கம் இரும்பு நீரூற்று ஒன்று இருக்கிறதே, 80-களின் தொடக்கத்தில் கட்டியது, தண்ணீர் இல்லாமல் துருவேறி ஒரு விண்கலம் விழுந்து கிடப்பதுபோல இருக்கும், அதைப் பார்க்காமல் எப்படி வந்தீர்கள்? நான் அந்த ஊரை முழுக்கக் கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். அதற்குக் கலரே பொருந்தாது.

வெளிச்சக்காரன்:

நீரூற்றைப் பார்த்தேன், எடுத்தேன். அதைப் போடாததற்குக் காரணம், இணையத்தில் கியூம்ரி என்று தேடினால் பத்துப் படத்தில் மூன்று அதுதான். எல்லாரும் ஒரே கோணத்தில், கீழே உட்கார்ந்து, வைடு லென்ஸில் எடுத்தது. நான் எடுத்ததும் அதுவே.

நிலநடுக்கத்தை மறைக்கிற எண்ணமெல்லாம் இல்லை. யோத் வெர்க் தேவாலயத்தின் பக்கத்தில் அதன் பழைய சிறு கோபுர முகடுகள் தரையில் வைக்கப்பட்டிருக்கின்றன, 1988 டிசம்பர் 7 அன்று விழுந்தவை. கல் அடுக்கு குலையாமல் கூம்பு கூம்பாகவே. நான் போன நேரம் ஒரு சின்னப் பெண் அதன்மேல் ஏறப் பார்த்துக்கொண்டிருந்தாள், பாட்டி அதட்டிக்கொண்டிருந்தார். உங்கள் கறுப்பு வெள்ளையில் அந்தப் பெண்ணின் மஞ்சள் ஜாக்கெட் காணாமல் போயிருக்கும்.

அந்த ஊர்க்காரர்களை நான் கேட்டவரையில் இந்தப் புகார்தான் வந்தது: வெளிநாட்டிலிருந்து கேமராவோடு வருகிறவர்கள் இடிந்த சுவரைத் தேடித் தேடிப் போகிறார்கள், நாங்கள் திரும்பக் கட்டியதை யாரும் எடுப்பதில்லை. எனக்கு அது நியாயமாகப்பட்டது.

கல்தச்சன்:

கட்டடப் பொறியாளன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. கியூம்ரியை எங்கள் படிப்பில் பாடமாகவே சொல்வார்கள். நிலநடுக்கத்தின் மையம் ஸ்பிடாக் அருகே, கியூம்ரியிலிருந்து 30 கி.மீ. சொச்சம் தள்ளி. அளவு 6.8. காலை 11:41, பள்ளிக்கூடம், அலுவலகம், தொழிற்சாலை எல்லாம் நிறைந்திருக்கிற நேரம். மொத்தச் சாவு அதிகாரபூர்வமாகவே 25,000. கோர்பச்சேவ் அன்றைக்கு நியூயார்க்கில் ஐ.நா.வில் பேசிக்கொண்டிருந்தார், பயணத்தைப் பாதியில் முடித்துத் திரும்பினார்.

முக்கியமான சங்கதி இதுதான். லெனினகானில் கொத்துக் கொத்தாக விழுந்தவை சோவியத் காலத்து ஒன்பது மாடிக் கான்கிரீட் குடியிருப்புகள். தொழிற்சாலையில் வார்த்த தூண்களையும் பலகைகளையும் கொண்டுவந்து இணைத்தவை, அந்த இணைப்புகள் சரியில்லை, கான்கிரீட் தரமும் சரியில்லை. அதோடு ஊருக்கு அடியில் பழைய ஏரிப் படிவு மண் ஆழமாக இருக்கிறது. அந்த மாதிரி இளகிய மண் அதிர்வைப் பெருக்கும், அதுவும் மெதுவான ஆட்டத்தைப் பெருக்கும், அது அந்த ஒன்பது மாடி உயரத்துக்குச் சரியாகப் பொருந்திவிட்டது. வெளிச்சக்காரன் படம் எடுத்த ஒரு மாடி, இரண்டு மாடி டஃப் வீடுகள் பெரும்பாலும் நின்றன. அவற்றில் பல 1926 நிலநடுக்கத்தையும் தாண்டியவை.

ஆகவே பழையஃபிலிம் சார், அந்தக் கறுப்பு வீடுகளை அழகாக எடுத்துக் காட்டுவதும் நிலநடுக்கத்தைப் பற்றிய படம்தான். விழாமல் நின்றவை அவை.

பழையஃபிலிம்:

இது பொறியாளர் சாமர்த்தியம். விழாமல் நின்ற வீட்டைக் காட்டினால் விழுந்ததைக் காட்டியதாக ஆகுமா? வீடு போனவர்கள் இன்னும் தற்காலிக இரும்புப் பெட்டிகளில் இருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் தற்காலிகம். அதை எடுக்காமல் மஞ்சள் ஜாக்கெட்டை எடுப்பது சுற்றுலாத் துறை வேலை.

எரெவான்_மாணவி:

வணக்கம், எரெவானில் மருத்துவம் படிக்கிறேன், இங்கே நிறைய இந்திய மாணவர்கள் இருக்கிறோம். என் வகுப்புத் தோழி ஒருத்தி கியூம்ரிக்காரி, அவள் வீட்டுக்குப் போய்த் தங்கியிருக்கிறேன்.

அந்த இரும்பு வீடுகளை டோமிக் என்பார்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகு சோவியத் யூனியன் முழுவதிலிருந்தும் ஆட்கள் கட்டித்தர வந்தார்கள், 1991-ல் யூனியனே போய்விட்டது, வேலையும் பாதியில் நின்றது. கூடவே அஜர்பைஜானோடு கராபாக் போர், கரண்ட் இல்லாத குளிர்காலங்கள், தொழிற்சாலைகள் மூடல். ஊர் மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்கும் மேல் இருந்தது, இப்போது கிட்டத்தட்டப் பாதி. வீட்டுக்கு ஒருவர் ரஷ்யாவில் வேலை பார்க்கிறார். வருஷா வருஷம் டோமிக் குறைந்துவருகிறது, ஆனால் தீரவில்லை.

தோழியின் அத்தை ஒரு டோமிக்கில்தான் இருந்தார். நான் என் மொபைலில் வெளியே படம் எடுக்கப் போனேன், அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய், இங்கே எடு என்றார். உள்ளே சுவர் முழுக்கக் கம்பளம், கண்ணாடி அலமாரியில் அடுக்கிவைத்த கோப்பைகள், இஸ்திரி போட்ட மேஜை விரிப்பு, அதன் நுனிகளில் அவரே பின்னிய லேஸ். நான் போன அன்று ஜன்னல் ஓரத்தில் மிளகாய்ச் செடி ஒன்று தயிர் டப்பாவில் இருந்தது. மேஜையில் காபி, ஆப்ரிகாட் வற்றல், இன்னும் என்னென்னவோ. விருந்தாளி வரப்போகிறார் என்று அவருக்கு முன்கூட்டித் தெரியாது, இருந்தும் அவ்வளவு வந்தது.

பழையஃபிலிம் சார் சொல்வதும் புரிகிறது, டோமிக்கை எடுக்காமல் விட்டால் அது இல்லை என்றாகிவிடும். வெளியே துருவை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள்மேல்தான் அத்தைக்குக் கோபம்.

வெளிச்சக்காரன்:

தங்கச்சி, நன்றாகச் சொன்னீர்கள். நான் டோமிக் பகுதிக்குப் போனேன், கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டே நடந்தேன், யாரும் கூப்பிடவில்லை, வந்துவிட்டேன். உங்களைக் கூப்பிட்டது தோழியின் அத்தை, உறவு இருந்தது. தெரியாத ஒருவன் கதவைத் தட்டி உங்கள் வீட்டைக் காட்டுங்கள் என்று கேட்பது வேறு. வரவேற்கிற ஊர் என்பதற்காக எல்லாக் கதவும் நமக்காகத் திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் எண்ணம். பழையஃபிலிம் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

பழையஃபிலிம்:

ஒத்துக்கொள்ள மாட்டேன்தான். ஆனால் அந்த அத்தை வீட்டுப் படத்தைப் பார்க்க ஆசை. கலரிலேயே போடுங்கள் பரவாயில்லை.

எரெவான்_மாணவி:

அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சார். கேட்காமல் போட்டால் தோழி என்னை வகுப்பில் உட்கார விடமாட்டாள் 😀

மண்ணடிக்காரர்:

மண்ணடியில் வளர்ந்தவன், அரண்மனைக்காரன் தெருவை ஒட்டித்தான் எங்கள் வீடு. அங்கே இருக்கிற ஆர்மீனியன் தேவாலயம் 1772-ல் கட்டியது, தெருவின் ஆங்கிலப் பெயரே ஆர்மீனியன் தெருதான். உலகத்தில் ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை 1794-ல் மெட்ராஸில் அச்சானது. நம்ம ஊரில் இருந்தவர்கள் பாரசீகத்தின் ஜுல்பா பக்கத்திலிருந்து வந்த வியாபாரிகள், கியூம்ரியிலிருந்து வந்தவர்கள் இல்லை, இருந்தாலும் அந்த ஊரில் யாரிடமாவது மெட்ராஸ் என்று சொல்லிப் பார்த்தீர்களா? தெரிகிறதா அவர்களுக்கு?

வெளிச்சக்காரன்:

சொன்னேன் சார். சாதாரணமாகத் தெருவில் பேசுகிறவர்களுக்குத் தெரியாது, ராஜ் கபூர்தான் தெரியும். மியூசியத்தில் சீட்டுக் கொடுத்த அம்மாவுக்கு உடனே தெரிந்தது, பத்திரிகையின் பெயரையே சொன்னார், 'அஸ்தரார்' என்று. அந்த ஊர்க் கதையைவிட அதைத்தான் அரைமணி நேரம் பேசினார். ரஷ்யனில், எனக்குத் தெரிந்த பத்து வார்த்தையில் எவ்வளவு பிடிபட்டிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மியூசியம் என்றதும், ட்சிதோக்த்சியான் வீட்டை விடாதீர்கள். 1872-ல் ஒரு பணக்காரக் குடும்பம் சிவப்பு டஃப்பில் கட்டியது, இப்போது நகர வாழ்க்கை மியூசியம். தொழில் கருவிகள், அடுப்புகள், உடைகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. அஸ்லமாஸியான் சகோதரிகள் ஓவியக்கூடமும் பக்கத்திலேயே. மரியம், யெரானுஹி என்று அக்கா தங்கை, இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். மரியம் இந்தியாவுக்கு வந்து வரைந்த ஓவியங்களும் உண்டு. அவ்வளவு சூடான சிவப்பையும் மஞ்சளையும் பார்த்துவிட்டு வெளியே வந்தால் கறுப்புத் தெரு வேறு மாதிரித் தெரியும். சிற்பி மெர்குரோவ் வீடும் மியூசியமாக இருக்கிறது, டால்ஸ்டாய், லெனின் இருவர் இறந்தபின்னும் முகத்தில் அச்சு எடுத்தவர் அவர். போர்ட்ரெய்ட் எடுக்கிறவர்கள் அந்த அறைக்குள் கொஞ்ச நேரம் நின்று பார்க்கணும். வெளிச்சத்தை நகர்த்தாமல் நாம் நகர்ந்தாலே ஒரு முகம் எத்தனை முகமாக மாறுகிறது என்று தெரியும்.

கல்தச்சன்:

பழைய புகைப்படம் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒட்டோமான் துருக்கியில் நடந்த ஆர்மீனிய இனப்படுகொலைக்குப் பிறகு அலெக்சாண்ட்ரபோல் ராணுவக் குடியிருப்புகளில் அமெரிக்க நிவாரண அமைப்பு அநாதை இல்லங்கள் நடத்தியது, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். அந்தக் குழந்தைகளை மைதானத்தில் எழுத்து வடிவத்தில் நிற்க வைத்து 'அமெரிக்காவே, உனக்கு நன்றி' என்று ஆங்கிலத்தில் வருகிற மாதிரி எடுத்த படம். அங்கே மியூசியத்தில் பார்த்தீர்களா?

பழையஃபிலிம்:

அந்தப் படத்தைப் பெரிது பண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்தும் நூற்றுக்கணக்கான தலைகள். நன்றி சொல்ல வைத்து எடுத்த படம், ஆனால் அதில் ஒரு குழந்தையின் முகம்கூடத் தெரியாது. நான் நிலநடுக்கத்தைப் பற்றிச் சொல்ல வந்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

வெளிச்சக்காரன்:

இந்த இழையில் நீங்கள் எழுதியதிலேயே இதுதான் எனக்குப் பிடித்தது. அப்படியானால் நாம் இரண்டு பேரும் சண்டை போடுவதற்கு ஒன்றுமில்லை, முகம் தெரிகிற தூரத்துக்குப் போகணும் என்கிறீர்கள், நானும் அதைத்தான் சொல்கிறேன். கறுப்பு வெள்ளை விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சைவப்பூனை:

இவ்வளவு தீவிரமாகப் பேசுகிற இடத்தில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சாப்பாடு? நான் சைவம். ஆர்மீனியா என்றாலே கறி வாட்டுகிற படம்தான் வருகிறது.

வெளிச்சக்காரன்:

கூச்சமே வேண்டாம். கியூம்ரியின் பேர்போன சாப்பாட்டில் இரண்டு சைவம்தான். ஒன்று பன்ர்ஹாஷ்: காய்ந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, நூல் நூலாகப் பிரியும் உப்புப் பாலாடைக்கட்டியைப் பரப்பி, மறுபடி ரொட்டி, மறுபடி கட்டி என்று அடுக்கி, கொதிநீர் ஊற்றி ஊறவிட்டு, மேலே வெண்ணெயில் சிவக்க வதக்கிய வெங்காயத்தைக் கொட்டுவார்கள். ஒரு தட்டு சாப்பிட்டால் சாயங்காலம் வரை பசிக்காது. இன்னொன்று தாத்தார் போராக்: மாவைச் சதுரம் சதுரமாக வெட்டி வேகவைத்து, பூண்டுத் தயிர், வெண்ணெய், வெங்காயம். கறி கிடையாது. சில கடைகளில் கொதிக்க வைப்பது கறிச்சாறாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

அசைவர்களுக்கு சொல்லவே வேண்டாம், பஸ்துர்மா என்கிற காயவைத்த மாட்டுக்கறியும் சுஜுக் என்கிற தொத்திறைச்சியும் இந்த ஊர் சரக்கு. குளிர்காலத்தில் விடியற்காலையில் ஹாஷ், மாட்டுக்கால் சூப், பூண்டோடும் வோட்காவோடும். எனக்கு அந்த வோட்கா இல்லாத பகுதி மட்டும் தெரியும் என்று என் வீட்டம்மா இதைப் படித்தால் நம்ப வேண்டும்.

கோட்டைமேடு_லென்ஸ்:

அண்ணா, கொல்லர்கள் பட்டறை பற்றி எங்கேயோ படித்தேன், உள்ளே விடுகிறார்களா?

வெளிச்சக்காரன்:

விடுகிறார்கள். கியூம்ரியின் இரும்புக் கொல்லர் மரபை 2023-ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள், அதிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள், பட்டறைக்காரர்களுக்கும் அது பிடித்திருக்கிறது. பழைய வீடுகளில் பால்கனிக் கம்பி, வாசல் விளக்கு, மழைநீர்க் குழாயின் மூடி, கதவுத் தட்டி எல்லாமே கையால் அடித்தவை, இரண்டு வீட்டில் ஒரே மாதிரி இருக்காது. நான் பார்த்த பட்டறையில் தாத்தா அடிக்கிறார், பேரன் பிடித்துக்கொண்டிருக்கிறான், அப்பா ரஷ்யாவில். கம்பியைச் சுருட்டும்போது அளவுக்கு அவர் எதையும் வைத்துப் பார்க்கவில்லை. செம்மஞ்சளில் இருந்து கருஞ்சிவப்புக்கு இறங்குவதற்குள் மூன்று நான்கு அடி, நுனி திரும்பிவிட்டது, பேரன் திருப்பி உலைக்குள் வைத்துவிட்டான். சத்தம் அடங்கினால் கரியின் பொரிச்சல் மட்டும்.

ஷட்டர் 1/125-ல் வையுங்கள், பொறி கோடாகத் தெரியும், கை கொஞ்சம் கலங்கும், அது நல்லதுதான். உள்ளே இருட்டு, ஐஎஸ்ஓ 3200 வரை போகத் தயங்காதீர்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம், அவர் இரும்பின் நிறத்தைப் பார்த்துத்தான் அடிக்கிறார், கண்ணைக் கூசவைத்தால் வேலை கெட்டுவிடும்.

யாழ்_ஷட்டர்:

நல்ல இழை. எந்த மாசம் போறது நல்லம்? பனிக்காலத்திலை போனா கறுப்புக் கல்லும் வெள்ளைப் பனியும் எண்டு நினைச்சுப் பாக்கவே ஆசையாக் கிடக்கு. அதோட எல்லைப் பக்கம் அனி எண்ட பழைய ஆர்மீனியத் தலைநகரின்ரை இடிபாடு தெரியும் எண்டு சொல்லுகினம், அது உண்மையே?

எரெவான்_மாணவி:

பனிக்காலம் அழகுதான் அண்ணா, ஆனால் ஆர்மீனியாவிலேயே குளிரான பகுதிகளில் ஒன்று அது. மைனஸ் இருபதுக்குக் கீழே இறங்கும். கேமரா பேட்டரி அரைமணியில் தீர்ந்துவிடும், இன்னொன்றைச் சட்டைக்குள் உடம்பு சூட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். நடைபாதை எல்லாம் பளிங்குமாதிரி உறைந்திருக்கும். முதல் தடவை என்றால் செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்லது. மார்மாஷென் மடத்துக்கும் அப்போதே போய்விடலாம், ஊரிலிருந்து பத்து கி.மீ., ஆயிரம் வருஷம் பழையது, அகூரியான் ஆற்றங்கரையில். கூட்டமே இருக்காது.

வெளிச்சக்காரன்:

அனி விஷயம்: ஊரிலிருந்து தெரியாது. அது தெற்கே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் துருக்கியில் இருக்கிறது. ஆர்மீனியப் பக்கத்திலிருந்து பார்க்கிற இடம் எல்லைப் பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது, முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். துருக்கி 1993-ல் எல்லையை மூடியது, அந்தப் பக்கத்துக் கார்ஸ் ஊருக்குப் போகிற தண்டவாளம் அன்றிலிருந்து சும்மா கிடந்தது. அதனால்தான் அமெனாப்ர்கிச் தேவாலயத்தைப் பார்க்கச் சொல்கிறேன். அதை 1858-ல் தொடங்கி 1873-ல் முடித்தார்கள், அனியின் பெரிய தேவாலயத்தை முன்மாதிரியாக வைத்து. 1988-ல் கூரை சரிந்தது, பல வருஷம் சாரம் கட்டியே நின்றது, புதுக் கல்லும் பழைய கல்லும் நிறத்தில் இன்னும் ஒட்டவில்லை. அந்த வித்தியாசம் தெரியணும் என்றால் வெயில் பக்கவாட்டில் விழுகிற நேரம் போங்கள்.

ட்ரோன் கொண்டுபோகாதீர்கள். எல்லை பக்கம், ஊருக்குள்ளேயே ரஷ்ய ராணுவத் தளமும் இருக்கிறது. வீண் வம்பு.

கோட்டைமேடு_லென்ஸ்:

கடைசிக் கேள்வி. எரெவானிலிருந்து வேனா, ரயிலா?

எரெவான்_மாணவி:

வேன் சீக்கிரம் போகும், ஆனால் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும், கேமரா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். ரயில் நல்லது. விரைவு ரயில் என்றால் இரண்டு மணி நேரம் சொச்சம், சாதாரண ரயில் மூன்று மணி நேரம். வார இறுதியில் டிக்கெட் தீர்ந்துவிடுகிறது, முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.

வெளிச்சக்காரன்:

ரயில்தான். போகும்போது இடது பக்க ஜன்னல், முதல் ஒரு மணி நேரம் அராரத் மலை கூடவே வரும். அதற்குப் பிறகு ரயில் வடக்கே திரும்பி எல்லையை ஒட்டி ஓடும், காவல் கோபுரங்கள் தெரியும், அவற்றை எடுக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவர்களே வேண்டாம் என்பார்கள். என் எதிரில் இருந்த அம்மா அப்படிச் சொல்லிவிட்டு அவித்த முட்டையை உரித்துக் கையில் கொடுத்தார். மீதிப் படங்களை ராத்திரி ஏற்றுகிறேன், கொல்லர் பட்டறை முதலில்.